சாயப் பட்டறையோடு ஓர் ஒப்பந்தம்: திருப்பூர் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றின் வரைவுச் சேவை

திருப்பூரில் நானும் என் தம்பியும் சேர்ந்து பின்னலாடை தைத்து அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். நூல் மட்டும்தான் நாங்கள் வாங்குவது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் வெளியில் ஜாப் ஒர்க்காகவே நடக்கின்றன. இந்த ஊரின் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது. துணி எங்களுடையது, வேலை அவர்களுடையது. நடுவில் இருப்பது ஒரு டெலிவரி சலானும் பல ஆண்டுப் பழக்கமும் மட்டுமே. அந்தப் பழக்கம் ஒரே ஒரு ஆர்டரில் முறிந்த பிறகுதான், ஒப்பந்தங்களை எழுதித் தரும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தை நாங்கள் தேடிப் போனோம். அங்கே கிடைத்த சேவையைப் பற்றிய மதிப்புரை இது. வழக்கறிஞர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்று இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி சொல்வதால், அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எந்தச் சேவையைத் தேட வேண்டும், அதில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை.

முதலில் எங்களிடம் ஒப்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இணையத்தில் எடுத்த ஒரு மாதிரிப் படிவத்தைக் கணக்குப் பிள்ளை தமிழாக்கிக் கொடுக்க, இரு தரப்பும் கையெழுத்திட்ட இரண்டு பக்கத் தாள் ஒன்று இருந்தது. அதன் நான்காம் ஷரத்து இது: ‘துணி பெற்ற நாளிலிருந்து 10 நாட்களுக்குள் சாயமிட்டுத் திருப்பித் தரப்படும். தாமதமானால் உரிய தொகை கழிக்கப்படும்.’ படிக்கும்போது எந்தக் குறையும் தெரியாத வாக்கியங்கள். ஒரு தை மாதத்தில் அவை எங்களுக்கு என்ன செய்தன என்று சொல்கிறேன். கிரே துணி, அதாவது சாயமிடாத துணி, மூன்று சலான்களில் போனது. முதல் சலான் ஜனவரி 6, கடைசிச் சலான் ஜனவரி 10. முதல் சலானிலிருந்து எண்ணி 16-ஆம் தேதி துணி வர வேண்டும் என்றோம் நாங்கள். முழு லாட்டும் வந்து சேர்ந்த 10-ஆம் தேதிக்கு மறுநாளிலிருந்துதான் கணக்கு, பொங்கல் மூன்று நாளும் அடுத்த ஞாயிறும் வேலை நாள் ஆகாது, ஆகவே 24-ஆம் தேதி வரை தனக்கு நேரம் இருக்கிறது என்றார் பட்டறைக்காரர். 24-ஆம் தேதியும் துணி அவருடைய தளத்தில்தான் தயாராக இருந்தது. எங்கள் கிடங்குக்கு யார் வண்டி அனுப்புவது என்பதில் இன்னொரு நாள் போனது. கப்பல் தவறி, ஆர்டரில் ஒரு பகுதி விமானத்தில் போயிற்று. அந்தச் செலவில் பாதியை ‘உரிய தொகை’ என்று அவருடைய பில்லில் கழித்தோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு பேருக்கும் சமமாக இடம் கொடுத்திருந்தன. ஒன்பது ஆண்டு உறவு அந்த மாதத்தோடு முடிந்தது.

வழக்கறிஞர் அம்மா அந்தத் தாளை மேசையில் விரித்து, ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘படும்’ என்று முடியும் ஒவ்வொரு சொல்லையும் வட்டமிட்டார். தரப்படும், கழிக்கப்படும், பரிசீலிக்கப்படும், ஏற்றுக்கொள்ளப்படும், பட்டுவாடா செய்யப்படும். இரண்டு பக்கத்தில் பதினான்கு வட்டங்கள். பிறகு முதல் வட்டத்தின் மேல் பென்சிலை வைத்து, “ஏனுங்க, இதை யாருங்க செய்யோணும்?” என்று கேட்டார். பதினான்கு இடத்திலும் அதே கேள்வி. ஐந்தில் எங்களால் உடனே பதில் சொல்ல முடிந்தது. நான்கில் நான் ஒன்று சொன்னேன், தம்பி வேறொன்று சொன்னான். மீதி ஐந்தில் இருவருமே பேசாமல் இருந்தோம்.

தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். பள்ளி இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று படித்தது அதுதான். பேச்சில் அது மொழியின் அழகு. ‘வந்துட்டேன்’ என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை, வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். ஆனால் ‘படும்’ வந்து சேரும் இடத்தில் வினைமுற்றும் ஆளைக் காட்டாது, எழுவாயும் இருக்காது. கடமை மட்டும் யார் தோளிலும் ஏறாமல் நடுவில் நிற்கும். இந்த அலுவலகத்தின் சேவைக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பது இதைக் கண்டு பிடித்ததற்காகத்தான். சட்டம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு தமிழ் வாக்கியத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்து எழுதுபவர்கள் குறைவு. புதிய வரைவில் நான்காம் ஷரத்து இப்படி ஆனது: ‘ஒரு லாட்டுக்குரிய கடைசிச் சலானில் சாயமிடுபவர் கையெழுத்திட்ட நாளுக்கு மறுநாளை முதல் நாளாகக் கொண்டு, 10-ஆம் வேலை நாள் மாலை 6 மணிக்குள், சாயமிடுபவர் அந்த லாட் முழுவதையும் தம் செலவில், தம் வண்டியில், துணி தருபவரின் கிடங்கில் சேர்க்க வேண்டும்.’ வாக்கியம் நீளமானதுதான். ஆனால் யார், எதை, எங்கே, எப்போது, யார் செலவில் என்ற ஐந்துக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

நாள் கணக்கைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதியது. ஒரு நாள் ‘முதல்’ அல்லது ஒரு நாளி‘லிருந்து’ என்று சட்டத்தில் வந்தால் அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்பதற்கு 1897-ஆம் ஆண்டின் பொது விளக்கச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அது சட்டங்களைப் படிப்பதற்கான விதி. தனியார் எழுதிக்கொள்ளும் தாளில் அதை நம்பி விட்டுவிடாமல், எண்ணும் முறையையே எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மாதம் என்றால் ஆங்கில மாதம் என்றும் எழுதினார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் ‘ஆடி கழிந்து தருகிறேன்’, ‘தை பிறந்ததும் கணக்கு முடிக்கலாம்’ என்று பேசுபவர்கள் என்பதால் அது வீண் எழுத்து அல்ல. பொங்கலுக்கு எத்தனை நாள், தீபாவளிக்கு எத்தனை நாள் விடுமுறை என்பதையும் இணைப்பில் தேதியாகவே போட்டுவிட்டார்.

மாதிரிப் படிவத்தில் இருந்த ‘முதல் தரப்பு’, ‘இரண்டாம் தரப்பு’ என்ற பெயர்களை அவர் முழுவதுமாக நீக்கினார். காரணம் கேட்டபோது எங்கள் பழைய தாளின் ஏழாம் ஷரத்தைக் காட்டினார். தமிழாக்கியபோது இரண்டு தரப்பும் இடம் மாறி, பட்டறையில் துணி கெட்டுப்போனால் நாங்கள் பட்டறைக்காரருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. மூன்று ஆண்டாக இருவருமே அதைக் கவனிக்கவில்லை. இப்போது எங்கள் பெயர் ‘துணி தருபவர்’, அவர்கள் பெயர் ‘சாயமிடுபவர்’. செய்யும் வேலையே பெயராக இருப்பதால், இடம் மாறினால் படிக்கிற கண்ணே தடுத்துவிடும். ‘அவர்’, ‘மேற்படியார்’, ‘ஷெயார்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. நிலப் பத்திரங்களில் முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு முழுப் பக்கம் ஓடும் வாக்கியத்தைப் பார்த்துப் பழகிய என் மாமனாருக்கு இது பத்திரம் போலவே இல்லை என்று தோன்றியது. ஆனால் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, தனக்குப் புரிந்ததை அவர் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். அது சரியாகவே இருந்தது.

பெயரிடுவதைப் பற்றிச் சொல்லும்போது பருத்தி வியாபாரத்தோடு சேர்ந்த ஒரு பழைய வழக்கையும் குறிப்பிட வேண்டும். பம்பாயிலிருந்து பீர்லெஸ் என்ற கப்பலில் வரும் 125 பொதி சூரத் பருத்தியை வாங்குவதாக இங்கிலாந்தில் ஒருவர் ஒப்பந்தம் செய்தார். அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று அக்டோபரில் புறப்பட்டது, மற்றொன்று டிசம்பரில். வாங்கியவர் மனத்தில் இருந்தது முதலாவது, விற்றவர் மனத்தில் இருந்தது இரண்டாவது. 1864-இல் தீர்ப்பு வாங்கியவருக்குச் சாதகமாக வந்தது. அவர் அந்தப் பருத்தியை எடுத்துக்கொள்ள வேண்டியதாகவில்லை. ராஃபில்ஸ் எதிர் விச்செல்ஹவுஸ் என்ற அந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் இதே இடத்தைத்தான் தொடுகிறது: பொருள் நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது. சட்டமே எடுத்துக்காட்டும் சொல்கிறது. ‘நூறு டன் எண்ணெய்’ விற்கிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், என்ன எண்ணெய் என்று தெரியாததால் அது செல்லாது. அவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவராக இருந்தால் அவருடைய தொழிலே அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுத்துவிடும், ஒப்பந்தம் நிற்கும். எங்கள் பழைய தாளில் ‘நேவி’ என்று மட்டும் ஒரு நிறம் இருந்தது. சாயப் பட்டறையில் நேவி என்றால் குறைந்தது இருபது நேவி இருக்கும்.

ஆகவே நிறத்துக்கு வழக்கறிஞர் எழுதிய ஷரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேப் டிப்பில், அதாவது ஆய்வகத்தில் சாயமிட்டுப் பார்த்த மாதிரியில், ஒப்புதலான துண்டை மூன்றாக வெட்டி, மூன்றிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்றும் ஒப்பந்தக் கோப்பில் ஒன்றுமாக வைக்க வேண்டும். ஒப்பிடுவது பகல் வெளிச்சத்தை ஒத்த டி65 என்ற நிலையான ஒளியில், லைட் பாக்ஸுக்குள் மட்டுமே. தளத்தின் டியூப்லைட்டிலோ வாசல் வெயிலிலோ பார்த்துச் சொல்லும் கருத்து இந்த ஒப்பந்தத்துக்குக் கருத்தே ஆகாது. கருவி காட்டும், நிற வேறுபாட்டைக் குறிக்கும் டெல்டா ஈ எண் 1.0-ஐத் தாண்டினால் ஷேட் மாறியதாகப் பொருள். இந்த எண்ணை வழக்கறிஞர் தாமாக எழுதவில்லை. எங்கள் மெர்ச்சண்டைசரையும் பட்டறையின் லேப் டெக்னீஷியனையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதினார். தொழில் தெரியாத இடத்தில் கேட்டு எழுதும் இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ப்ராசஸ் லாஸ் என்று நாங்கள் சொல்லும் எடைக் குறைவிலும் அவர் கேட்ட கேள்வி கூர்மையானது. ‘7 சதவீதம் வரை அனுமதிக்கப்படும்’ என்று நாங்கள் எழுதியிருந்தோம். எதில் 7 சதவீதம் என்றார். தலா 500 கிலோ கொண்ட மூன்று லாட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லாட்டில் 25 கிலோ குறைகிறது, இரண்டாவதில் 30, மூன்றாவதில் 50. மாத மொத்தத்தில் பார்த்தால் 1,500 கிலோவுக்கு 105 கிலோ, சரியாக 7 சதவீதம், யாரும் யாருக்கும் தர வேண்டியது இல்லை. லாட்டுக்கு லாட் பார்த்தால் மூன்றாவது லாட்டில் மட்டும் 15 கிலோவுக்குப் பட்டறைக்காரர் பதில் சொல்ல வேண்டும். ‘ஒவ்வொரு லாட்டுக்கும் தனித்தனியே, சலானில் எழுதிய கிரே எடையில்’ என்ற ஏழு சொற்கள் அந்தச் சண்டையை வருமுன் முடித்தன. அதே கூர்மை ‘சாயமிட்ட நூலும் துணியும்’ என்ற தொடரிலும் வெளிப்பட்டது. சாயமிட்ட என்பது நூலுக்கு மட்டுமா, துணிக்கும் சேர்த்தா? தமிழில் பெயரெச்சம் எதுவரை பாயும் என்பதை வாக்கியம் சொல்லாது. ‘துணியும், சாயமிட்ட நூலும்’ என்று இடம் மாற்றியதும் குழப்பம் போயிற்று.

பணத்தைப் பற்றிய ஷரத்தில் நாங்கள்தான் தோற்றோம் என்று சொல்ல வேண்டும். 90 நாளில் தருகிறோம் என்று எழுதச் சொன்னோம். பட்டறை, உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு பெற்ற சிறு நிறுவனம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, எழுதி ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது, எழுத்தே இல்லாவிட்டால் 15 நாள்தான் என்று வழக்கறிஞர் விளக்கினார். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டும் வட்டிக்கு வட்டி. போதாததற்கு 2023 நிதிச் சட்டம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த எச் உட்பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். 90 என்று எழுதியிருந்தால் அது தாளில் இருந்திருக்கும், சட்டத்தின் முன் நின்றிருக்காது. அந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும் என்று இருப்பதையும் காட்டி, குறை சொல்ல எங்களுக்கு 7 வேலை நாள் என்றும், கட்டிங் மேசையில் வெட்டிய துணிக்கு நிறக் குறை சொல்ல முடியாது என்றும் எழுதினார். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5 சதவீதம் பிடிக்கலாமா என்று தம்பி கேட்டான். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்றும், இழப்பே இல்லாத இடத்தில் அந்தத் தொகையைக் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் தெளிவாக்கிவிட்டது என்றும் சொல்லி, எங்கள் உண்மையான தாமதச் செலவைக் கணக்கிட்டு ஒரு விகிதம் போட்டார்.

தகராறு வந்தால் டெல்லி நீதிமன்றம் என்று மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே வந்திருந்ததைத் திருப்பூர் ஆக்கினார். நடுவரை நாங்கள் மட்டுமே நியமிப்போம் என்று இருந்ததையும் எடுத்துவிட்டார். வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பது 2019-இன் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்புக்குப் பிறகு நிற்காது.

குறைகளும் உண்டு. முதலில் ஆங்கில வரைவுதான் வந்தது. தமிழ் வரைவைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அது சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் பிந்தி வந்தது. நாள் கணக்கில் இவ்வளவு கறாராக எழுதுகிற அலுவலகம் தன் சொந்த நாளைத் தவறவிட்டது எங்களுக்கு வருத்தம்தான். சொல் விளக்கப் பகுதி மூன்று பக்கம். அதில் ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும் சொற்களுக்கும் விளக்கம் இருந்தது, அவற்றை அந்தந்த ஷரத்திலேயே எழுதியிருக்கலாம். ‘எது எப்படி இருப்பினும்’ என்று நான்கு ஷரத்துகள் தொடங்கின. நான்கும் ஒன்றையொன்று மீறினால் எது நிற்கும் என்று நாங்கள் கேட்டதும் இரண்டாகக் குறைத்தார். ‘வேலை நாள்’ என்பதை விளக்கிவிட்டு, பதினோராம் ஷரத்தில் வெறும் ‘நாள்’ என்று விட்டிருந்ததை என் தம்பி கண்டு பிடித்தான். அவர் மறுப்புச் சொல்லாமல் திருத்திக்கொண்டு, “இன்னொருக்கா முழுசும் நீங்களே படிச்சுப் பாருங்க” என்று சொன்னார். அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். இரண்டு மொழியிலும் கையெழுத்தாவதால், முரண் வந்தால் எது நிற்கும் என்ற கேள்விக்கு முதலில் ஆங்கிலம் என்று எழுதியிருந்தார். கையெழுத்திடும் இருவருக்கும் படிக்கத் தெரிந்த மொழி தமிழ் என்று நாங்கள் வாதாடி, தமிழ் வடிவமே நிற்கும் என்று மாற்றிக்கொண்டோம். அதைக் கேட்காமலே எழுதியிருக்க வேண்டும்.

கட்டணம் 15,000 ரூபாய், மூன்று அமர்வுகள். அடுத்தடுத்து இதே மாதிரி எழுதும் ஒப்பந்தங்களுக்கு ஒன்றுக்கு 4,000. சிறு நிறுவனத்துக்கு முதல் தொகை கனமானதுதான். ஆனால் தவறிய அந்தக் கப்பலுக்கு நாங்கள் கொடுத்த விமானக் கட்டணத்தில் இது ஒரு சிறு பங்கு. மாதம் ஒன்றிரண்டு லாட் மட்டும் அனுப்புபவர்களுக்கு இவ்வளவு விரிவான ஒப்பந்தம் தேவைப்படாது. அவர்கள் நிறம், எடை, நாள், பணம் ஆகிய நான்கு ஷரத்துகளை மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், அலுவலகம் அதற்கும் ஒப்புக்கொள்கிறது.

புதிய பட்டறையோடு கையெழுத்தாகி ஓராண்டு ஆகிறது. நடுவில் 480 கிலோ மெரூன் லாட் ஒன்று ஷேட் மாறி வந்தது. நான்காம் வேலை நாளில் கருவியின் அறிக்கையோடு கடிதம் கொடுத்தோம்; பட்டறைக்காரர் கோப்பில் இருந்த துண்டை எடுத்து லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாளே தம் செலவில் மறுசாயத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரு குரல்கூட உயரவில்லை. ஆனி மாதத்தில் எங்கள் பணம் 45 நாளைத் தாண்டியபோது அவரும் அதே தாளைத்தான் கொண்டுவந்து, பணத்தைப் பற்றிய ஷரத்தை விரலால் காட்டினார். வட்டியோடு கொடுத்தோம். அடுத்ததாக எம்ப்ராய்டரி யூனிட்டோடு செய்ய வேண்டிய ஒப்பந்தத்துக்கு அதே அலுவலகத்தில்தான் நேரம் கேட்டிருக்கிறோம். இந்த முறை தமிழ் வரைவை முதலில் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டோம், தேதியோடு.